எக்ஸெல்லுக்குள் ஓர் ஆடி மாதம்

கோவிந்தராஜுலு சாரிடம் பாஸ்வேர்டு கேட்பதும் கல்லில் நார் உரிப்பதும் ஒன்று. எங்கள் பம்ப் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு அவர்தான் மேனேஜர். பெரியநாயக்கன்பாளையத்தில் மேட்டுப்பாளையம் ரோட்டை ஒட்டி இருந்த அந்தக் கம்பெனியில் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டிய இடங்கள் இரண்டே இரண்டு. ஒன்று பிள்ளையார் இருந்த மாடம், இன்னொன்று சர்வர் இருந்த ஏசி அறை. பிள்ளையாரையாவது யார் வேண்டுமானாலும் தொட்டுக் கும்பிடலாம். சர்வரைத் தொட அவர் ஒருவருக்குத்தான் உரிமை.

நான் இஸ்மத். கோட்டைமேட்டிலிருந்து பஸ் மாறி வந்து அவருக்குக் கீழே புரோகிராமர் வேலை பார்த்தேன். தொண்ணூற்றாறாம் வருஷம் அது. எனக்கு இருபத்து நாலு வயது, மூக்கு நுனியில் கோபம். முதலாளி ஏதாவது விவரம் கேட்டால் அதை எழுதி வாங்கி, நான் புரோகிராம் எழுதி, பிரிண்டர் கறகறவென்று பச்சைக் கோட்டுத் தாளில் அடித்துத் தள்ளுவதற்குள் இரண்டு வாரம் ஓடிவிடும். அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதையே டீலர் வாரியாக் குடுங்க" என்பார். மறுபடி இரண்டு வாரம். இந்த லட்சணத்தில்தான் நாங்கள் கம்ப்யூட்டர் வைத்திருந்தோம்.

அந்த அக்டோபரில் கம்பெனி முழுக்க ஒரே பேச்சு. போர்வெல்லுக்குள் இறக்கும் எங்கள் சப்மெர்சிபிள் மோட்டார்கள் கருகிக் கருகித் திரும்பி வந்துகொண்டிருந்தன. வருஷா வருஷம் அது கூடிக்கொண்டே போனது. மோட்டார் கருகினால் கருகுவது உள்ளே சுற்றியிருக்கும் ஒயர். ஒயரைச் சுற்றுவது வைண்டிங் செக்‌ஷன். ஆகவே குற்றவாளி வைண்டிங் செக்‌ஷன் என்று தீர்ப்பாகிவிட்டது. அதை இழுத்து மூடிவிட்டு வேலையை வெளியே ஒரு காண்ட்ராக்டரிடம் கொடுப்பதாக முதலாளி சென்னகேசவன் சார் முடிவெடுத்துவிட்டார். திங்கட்கிழமை கையெழுத்து.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வேலுமணி அண்ணன் என் மேசைக்கு எதிரில் வந்து நின்றார். வைண்டிங்கில் இருந்த நாற்பது பேருக்கும் அவர்தான் இன்சார்ஜ்.

"ஏனுங்க அம்மணி, உங்க பொட்டிக்குள்ள எங்களைப் பத்தி என்னன்னுங்க எழுதி வெச்சிருக்குது?"

"ஒண்ணும் எழுதலீங்கண்ணா. இத்தனை மோட்டார் கருகிருச்சுன்னு மட்டும்தான் இருக்குது."

"அப்பறம் எப்படீங்க எங்க தலையில வந்து வுடியுது? நாப்பது குடும்பமுங்க. தீவாளிக்கு மூணு வாரம் இருக்கையில வெளிய போன்னா எங்கீங்க போறது? தப்பு எங்களுதுன்னா காட்டுங்க, நாங்களே போயிக்கறோம். காட்டாமயே வெட்டிப்போட்டா என்னங்க நியாயம்?"

எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. அவர் கேட்டது சரி என்பதால் வந்த கோபம் அது. எந்த மோட்டாரை யார் சுற்றினார்கள், எந்த ஒயரில் சுற்றினார்கள், எப்போது அனுப்பினோம், எந்த டீலர் விற்றார் எல்லாம் டேட்டாபேசில் இருந்தது. இருந்து என்ன செய்ய? ஒரு கேள்விக்கு இரண்டு வாரம் என்றால், திங்கட்கிழமைக்குள் பாதிக் கேள்வியைக்கூடக் கேட்க முடியாது.

வழி ஒன்று இருந்தது. புதிதாக வந்திருந்த விண்டோஸ் கம்ப்யூட்டரில் எக்ஸெல் இருந்தது. எக்ஸெல்லிலிருந்து நேராக டேட்டாபேசுக்குள் கையை விட்டு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்று படித்திருந்தேன். நடுவில் ஓடிபிசி டிரைவர் என்று ஒன்றைப் போட வேண்டும். இது பேசுவதை அதற்கும், அது பேசுவதை இதற்கும் புரியவைக்கும் துபாஷி. அந்த ஃப்ளாப்பிகள் கோவிந்தராஜுலு சாரின் பீரோவில் உறை பிரிக்காமல் பத்திரமாக இருந்தன.

"எக்ஸெல்லுங்கறது அக்கவுண்ட்ஸ் பசங்க வெளையாடறது" என்றார் அவர். "அதைக் கொண்டாந்து டேட்டாபேஸ்ல மாட்டுனா ஸ்டாக்கெல்லாம் கலங்கிப்போயிரும்மா."

"எழுதற பர்மிஷனே வேண்டாம் சார். பாக்க மட்டும் ஒரு யூசர் போட்டுக் குடுங்க. நான் கண்ணாடிக்கு வெளிய நின்னு பாத்துக்கறேன்."

"கண்ணாடியில கைரேகை வுளுகும்."

"தொடைச்சுட்டுப் போறேனுங்க சார். நாப்பது பேரு சார்."

அவர் என்னைப் பார்த்தார், பீரோவைப் பார்த்தார், சாவிக்கொத்தை எடுத்தார். ஃப்ளாப்பிகளைத் தரும்போது மகளைக் கட்டிக்கொடுக்கிறவர் போல முகத்தை வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை உட்கார்ந்தேன். முதல் முயற்சியில் பிழை. டிரைவரில் இரண்டு வகை உண்டாம், நான் போட்டது விண்டோஸின் பழைய வகைக்கு. கழற்றிவிட்டு வேறொன்றைப் போட்டேன். இப்போது சர்வரே கண்ணில் படவில்லை என்றது. சர்வர் சுவருக்கு அந்தப்பக்கம் உறுமிக்கொண்டிருக்கிறது, இது படவில்லை என்கிறது! மேசைக்கு அடியில் தவழ்ந்து போய்ப் பார்த்தால், நெட்வொர்க் ஒயரின் கடைசி முனையில் மாட்டியிருக்க வேண்டிய மூடி கழன்று தரையில் கிடந்தது. துடைப்பம் பட்டிருக்கும், அது இல்லாவிட்டால் மொத்த லைனும் ஊமை. அதைத் திருகிவிட்டு, துப்பட்டாவில் ஒட்டிய ஒட்டடையோடு வந்து மறுபடி அழுத்தினேன்.

டேபிள்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. பேராசைப்பட்டு எல்லாவற்றையும் ஒரே தாளில் கேட்டேன், இடம் கொள்ளாது என்று எக்ஸெல் கைவிரித்தது. சரி என்று திரும்பி வந்த மோட்டார்களை மட்டும் கேட்டேன். திரையின் கீழே எண் ஓடியது, ஓடியது, நின்றது. மூன்று வருஷத்து மோட்டார்கள் கட்டம் கட்டமாக என் முன்னால் உட்கார்ந்திருந்தன.

"யா அல்லாஹ்!" என்று கத்தியேவிட்டேன்.

என்னமோ ஏதோ என்று கோவிந்தராஜுலு சார் வெறுங்காலோடு சர்வர் அறையிலிருந்து ஓடி வந்தார். அவருக்கு பைவட் டேபிள் போட்டுக் காட்டினேன். டீலர் பெயரை இடது பக்கம் இழுத்துவிட்டால் டீலர் வாரியாகக் கணக்கு. அதை எடுத்துவிட்டு மாடலை இழுத்துவிட்டால் மாடல் வாரியாக. ஒரு இழுப்புக்கு ஒரு ரிப்போர்ட். அவர் வாயைத் திறந்தவர் மூடவில்லை.

"ஆனைமலைப் பக்கத்து டீலருங்களை மட்டும் எடும்மா."

எடுத்தேன்.

"அதுல போன வருசம் மட்டும்."

எடுத்தேன்.

"நகரு, நகரு" என்று நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டு அவரே உட்கார்ந்துவிட்டார். நேற்றுக் கைரேகைக்குப் பயந்தவர் இப்போது மவுஸை விட மாட்டேன் என்கிறார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்புறம் கெஞ்சிக் கூத்தாடித்தான் நாற்காலியைத் திரும்ப வாங்கினேன்.

வேலைக்கு வந்தேன். முதலில், சுற்றியவர் வாரியாகப் பார்த்தேன். நாற்பது பேரில் யாராவது ஒருவர் சுற்றிய மோட்டார் மட்டும் அதிகம் கருகியிருந்தால் தெரிந்துவிடும். இல்லை, எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு. ஒயர் வாங்கிய லாட் வாரியாகப் பார்த்தேன். அதிலும் ஒன்றுமில்லை. மாத வாரியாகப் பார்த்தேன். ஜூலையில் அனுப்பியதும் ஆகஸ்டில் அனுப்பியதும் தூக்கல், ஏன் என்றுதான் தெரியவில்லை. இதை வைத்து யாரையும் காப்பாற்ற முடியாது.

சத்தம் கேட்டு முதலாளியே வந்துவிட்டார். சென்னகேசவன் சார் மோட்டார் இன்ஜினியரிங் படித்தவர், புதிதாக எதைப் பார்த்தாலும் கண் விரிகிறவர். நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, இதைத் திருப்பு, அதை மாற்று என்று ஆசையாகப் பார்த்தார். அப்புறம் சொன்னார்:

"ஆளுக்கு ஆள் வித்தியாசமில்லைன்னா என்ன அர்த்தம்மா? எல்லாருமே ஒரே மாதிரி மோசமாச் சுத்தறாங்கன்னுதானே?"

எனக்குச் சுரீர் என்றது. ஜூலைக் கட்டத்தின் மேல் இரண்டு தடவை அழுத்தினேன். அந்த எண்ணுக்குள் இருந்த மோட்டார்கள் எல்லாம் தனித் தாளில் வரிசையாகத் திறந்தன. அங்கேதான் கண்ணில் பட்டது. வாங்கியவர்கள் வாரண்டி கார்டை நிரப்பி அனுப்பும்போது மோட்டாரைப் போர்வெல்லில் இறக்கிய தேதியையும் சர்வீஸ் பிரிவில் பதிந்து வைப்பார்கள். எந்த ரிப்போர்ட்டிலும் யாரும் கேட்காத தேதி. ஜூலைக் கடைசியில் அனுப்பிய மோட்டார்களின் இறக்கிய தேதி ஆகஸ்ட் இருபது, இருபத்திரண்டு, இருபத்தைந்து என்றே போனது. ஆகஸ்ட் தொடக்கத்தில் அனுப்பியதற்கும் அதே தேதிகள். வாங்கியவர்கள் எதற்காக இத்தனை நாள் காத்திருந்தார்கள்?

கிணத்துக்கடவில் எங்கள் டீலர் நஞ்சுண்டன். போனைச் சுழற்றி அவரைப் பிடித்துக் கேட்டேன்.

"அதெல்லாம் ஆடித் தள்ளுபடியில வாங்கி வெச்சதுங்க அம்மணி" என்றார். "ஆடியில யாருங்க புது மோட்டார எறக்குவாங்க? ஆவணி பொறந்ததீமு நல்ல நாள் பாத்துத்தானுங்க எறக்குவாங்க."

எங்கள் வீட்டில் ரஜபு, ஷாபான் என்று பிறைக் கணக்கு மாதங்கள் தெரியும். ஆடி என்றால் எனக்கு ஒப்பணக்காரத் தெருவில் முட்டி மோதும் தள்ளுபடிக் கூட்டம் மட்டும்தான். "ஆடி எந்தத் தேதியில பொறக்குதுங்க?" என்று கேட்டேன். ஜூலை பாதியில் பிறந்து ஆகஸ்ட் பாதியில் முடியும் என்றார். ரிசீவரை அப்படியே மேசையில் வைத்தேன். அடடா! கம்ப்யூட்டருக்கு ஜூலை தெரியும், ஆகஸ்ட் தெரியும், ஆடி தெரியாது. ஒரே மாதத்தை இரண்டாக வெட்டி இரண்டு நல்ல அரை மாதங்களோடு கலந்து வைத்திருந்தால் எப்படித் தெரியும்?

பக்கத்தில் புதிதாக ஒரு வரிசை சேர்த்தேன். அனுப்பிய தேதிக்குத் தமிழ் மாதம் போட ஒரு ஃபார்முலா எழுதினேன். சித்திரை, வைகாசி, ஆனி என்று கோவிந்தராஜுலு சார் சொல்லச் சொல்ல அடித்தேன். அந்த வரிசையை பைவட் டேபிளில் இழுத்துவிட்டு படம் போட்டதும் மூன்று பேரும் திரையை நோக்கிக் குனிந்தோம். பதினோரு மாதமும் முழங்கால் உயரம். ஆடி மட்டும் கூரையை முட்டிக்கொண்டு நின்றது. மூன்று வருஷத்திலும் அதே கதை.

"பாத்தீங்களா சார்! பாத்தீங்களா!" என்று நான் எழுந்தே குதித்துவிட்டேன்.

"பாத்தேன்" என்றார் சென்னகேசவன் சார். அவர் முகம் கறுத்திருந்தது. "ஆடி ஸ்கீமுக்கு ஆர்டர் குமியும். அந்த அவசரத்துல தாறுமாறாச் சுத்தித் தள்ளியிருக்காங்க. இதுக்கு மேல என்னம்மா சாட்சி வேணும்? திங்கக்கிழமை வரைக்கும் எதுக்கு, காண்ட்ராக்டரை இன்னைக்கே வரச் சொல்லிர்றேன்."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டுவிட்டது. நாற்பது பேரைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பி, அவர்கள் கழுத்துக்குக் கத்தியை நானே தீட்டிக் கொடுத்திருக்கிறேன். அவர் டயல் செய்யப் போனை எடுத்தார். அதற்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏனுங்க, இருக்கறீங்களா? வெச்சரட்டுங்களா?"

நஞ்சுண்டன் இன்னும் லைனில்தான் இருந்தார். முதலாளி கையிலிருந்து ரிசீவரை நான் பிடுங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"நஞ்சுண்டண்ணா, ஆடியில ஒருத்தருமே எறக்க மாட்டாங்களா? ஒருத்தருகூடவா?"

"ஆடிப் பதினெட்டுக்கு எறக்குவாங்களே! பெருக்கு நோம்பி, நல்ல நாளுங்க. அன்னிக்கு வுட்டா அப்பறம் ஆவணிதானுங்க."

ஆடிப் பதினெட்டு! அதே அவசரத்தில், அதே கைகள், அதே ஒயரில் சுற்றிய மோட்டார்கள். ஆனால் காத்திருக்காமல் போர்வெல்லுக்குள் போனவை. சுற்றியதில் கோளாறு என்றால் அவையும் கருகியிருக்க வேண்டுமே?

"சார், அஞ்சே நிமிஷம்!"

இப்போது கருகியவை மட்டும் போதாது, நன்றாக ஓடுகிறவையும் வேண்டும். ஆடியில் அனுப்பிய எல்லா மோட்டாரையும் இழுத்தேன். இறக்கிய தேதியிலிருந்து அனுப்பிய தேதியைக் கழித்து, காத்திருந்த நாள் என்று இன்னொரு வரிசை போட்டேன். என் விரல் தப்புத் தப்பாக அடித்தது. கோவிந்தராஜுலு சார் என் தோளுக்கு மேலே குனிந்து, "மெதுவாம்மா, மெதுவா" என்றார், அவருக்கே மூச்சு வாங்கியது.

ஆடிப் பதினெட்டில் இறக்கியவற்றில் கருகியவை நூற்றுக்கு ஒன்றிரண்டுதான். மற்ற மாதங்களைப் போலவே. ஆவணிக்குக் காத்திருந்தவற்றில்தான் அத்தனை கருகலும். காத்திருந்த நாள் கூடக் கூடப் படம் படியேறியது.

"ஒரே கை சார். ஒரே ஒயர், ஒரே அவசரம்" என்றேன். "சுத்துனதுல ஒண்ணுமில்லை. வாங்குனதுக்கும் எறக்குனதுக்கும் நடுவுல என்னமோ நடக்குது."

சென்னகேசவன் சார் படத்தின் படிகளை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு ரிசீவரை வாங்கி, மெதுவாகக் கேட்டார்: "நஞ்சுண்டா, ஆடியில வாங்கறவங்க மோட்டாரை எங்க வெச்சிருப்பாங்க?"

"ஊட்டுலதானுங்க. மூலையில படுக்கப் போட்டிருப்பாங்க."

"எறக்கறதுக்கு முன்னாடி உள்ள தண்ணி இருக்குதான்னு பாப்பாங்களா?"

"தண்ணியுங்களா? கம்பெனியிலயே ரொப்பித்தானுங்க வருது? தெறந்தா வாரண்டி போயிரும்னு நீங்கதானுங்க ஸ்டிக்கர் ஒட்டியிருக்கறீங்க. அதை யாருங்க தொடுவாங்க?"

முதலாளி போனை வைத்துவிட்டு எழுந்து கோடவுனுக்கு நடந்தார். நாங்கள் இருவரும் பின்னால் ஓடினோம். எங்கள் மோட்டாருக்குள் தண்ணீர் நிறைந்திருக்க வேண்டும், அதுதான் ஒயரைச் சூடாகாமல் காக்கும். டெஸ்ட் செய்யும்போது நிரப்பி, அப்படியே அனுப்பிவிடுவோம். இரண்டு வாரத்துக்குள் இறக்கினால் ஒரு தொந்தரவும் இல்லை. ஆடிக்கென்று செய்து விற்காமல் ஒரு மூலையில் படுத்துக் கிடந்த மோட்டார் ஒன்றை அவரே தூக்கி நிறுத்தி, ஸ்டிக்கரைக் கிழித்து, தண்ணீர் ஊற்றும் துளையின் திருகைக் கழற்றி, தலைகீழாகச் சாய்த்தார். குடம் அளவுக்குக் கொட்ட வேண்டிய இடத்தில் துருத் தண்ணீர் ஒரு தம்ளர் வழிந்தது. அவருடைய வெள்ளைச் சட்டையெல்லாம் காவியானது.

"கசிஞ்சிருச்சு" என்றார். "இதைக் கொண்டுபோய் எறக்கி சுவிட்சப் போட்டா கருகாம என்ன செய்யும்?"

அடுத்த மோட்டாரைத் திறந்தார். அதிலும் அதே கதைதான். அதற்கடுத்ததிலும். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார், "ஆடி ஸ்கீம் எந்த வருசம் ஆரம்பிச்சோம்?"

எனக்குத் தெரியும். கோவிந்தராஜுலு சாருக்கும் தெரியும்.

"மூணு வருசம்" என்று அவரே சொன்னார். "என்ற ஐடியா. ஸ்டிக்கரும் என்ற ஐடியா." பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அவரே தொடர்ந்தார். "ஸ்டிக்கரை மாத்தி, எறக்கறதுக்கு முன்னாடி தண்ணி ரொப்புன்னு போடோணும். நீ ஓடிப்போய் வைண்டிங்குல சொல்லு. செக்‌ஷனை மூடலை. நான் கையைக் கழுவிட்டு வந்து மன்னிப்புக் கேக்கறேன்."

ஓடினேன். துப்பட்டா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சனிக்கிழமை மத்தியானம், வைண்டிங் ஷெட்டில் நாற்பது பேரும் குனிந்த தலை நிமிராமல் வேலையில் இருந்தார்கள். திங்கட்கிழமை வெளியே போகப் போகிறவர்களின் ஷெட் என்று யாரும் சொல்ல முடியாது. வேலுமணி அண்ணன் ஒரு மோட்டாரின் ஒரு பக்கம் நின்று ஒயரைத் துளைக்குள் செலுத்த, எதிரில் இன்னொருவர் இழுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் அண்ணன் சத்தமாக எண்ணினார்.

"அண்ணா!" என்று கத்தினேன்.

எண்ணுவதை விடாமல் இடது கையை உயர்த்தி இரு என்று காட்டினார். என்னால் இருக்க முடியவில்லை.

"மூடலீங்கண்ணா! தப்பு உங்களுது இல்லை. கம்ப்யூட்டர்ல காட்டிட்டேன், முதலாளியே கோடவுன்ல பாத்துட்டாரு. தண்ணி இல்லாம கருகியிருக்குது. நீங்க சுத்துனதுல ஒரு கோளாறும் இல்லை!"

ஷெட்டில் ஒவ்வொரு கையாக நின்றது. வேலுமணி அண்ணன் மட்டும் இன்னும் எண்ணினார். "முப்பத்தெட்டு... முப்பத்தொம்பது..." என்று வந்த குரல் அடுத்த எண்ணுக்கு வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டார். சுற்றிலும் ஆட்கள் ஓவென்று கூச்சல் போட்டார்கள், யாரோ விசிலடித்தார்கள்.

எதிரில் ஒயரை இழுத்தவர் கேட்டார், "அண்ணா, நாப்பதுதானுங்க? மேல வுடட்டுங்களா?"

வேலுமணி அண்ணன் மோட்டாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அழுதுகொண்டே சிரித்தார்.

"தெரியலையப்பா, எண்ணிக்கை போயிருச்சு" என்றார். "அத்தனையும் உருவு. மொதல்ல இருந்து சுத்துவோம்."